எளிமையின் சிகரமும் ஒரு கறுப்புத் தொப்பியும்

ஆவுடையார்கோவில் சாலையில் கல்வெட்டுக் கடை வைத்திருக்கும் ரெங்கராஜ், அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றார். கல்லில் எழுத்து வெட்டும் மெஷினை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோய், ஆபரேட்டிங் சிஸ்டத்தை சிடியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அதன் சிடி டிரைவோ என்றைக்கோ செத்திருந்தது. அதே மாதிரி இன்னொன்றைச் சென்னையில் தேடிப் பிடித்து மாட்டியும், ‘சிடியைப் படிக்க முடியவில்லை’ என்று திரை ஒரே பல்லவியைப் பாடியது.

மறுநாள் ஊர்ப் பெரும்புள்ளி உதயசூரியனின் கல்யாண மண்டபத் திறப்பு விழா. திறப்புக் கல்லில் அவருக்குப் பதினொரு பட்டங்கள். ஒன்பதாவது, ‘எளிமையின் சிகரம்’. கல் போய்ச் சேராவிட்டால் அந்த வட்டாரத்தில் இனி ஒருத்தரும் ரெங்கராஜை நம்பி வேலை கொடுக்கமாட்டார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து வந்திறங்கிய நிபுணர் சிவபிரகாஷின் விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பதவி நீளம். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே ஒரு மணி நேரம் பேசினார்.

“இது கம்பேட்டிபிலிட்டி பிரச்சினை சார். ஒங்க சிஸ்டம் ஒரு தடவைக்கு, அதாவது ஒரு பிளாக்குக்கு, ஐநூத்திப் பன்னெண்டு பைட்டுதான் கேக்குது. இந்த டிரைவ் ரெண்டாயிரத்தி நாப்பத்தெட்டா அள்ளிக் குடுக்குது.”

“அதுக்கு என்ன செய்யணுங்க?”

“புது மெஷின் வாங்கணும். நம்மகிட்டயே இருக்கு.”

ரெங்கராஜ் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார்.

கடையில் எழுத்துப் பிழை பார்ப்பது அவர் மனைவி தேவிப்ரியா. தாளையும் கல்லையும் அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக அவர் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே எந்தக் கல்லும் வண்டி ஏறும். அதே பழக்கத்தில் செத்த டிரைவையும் புதிதாக வந்ததையும் முதுகு தெரியப் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார்.

“என்னங்க, இங்கிட்டு வாங்க. பழசுல, சார் சொன்ன அதே ‘பிளாக்’னு போட்டிருக்க எடத்துல ரெண்டு ஊசி மேல குட்டியா ஒரு கறுப்புத் தொப்பி இருக்கு. இதுல அந்த எடம் மொட்டையா நிக்குது.”

“அது கம்பெனி செட்டிங் மேடம், தொடக்கூடாது,” என்று சிவபிரகாஷ் பதறினார்.

“செத்ததத் தொட்டா என்ன சார் ஆகப்போகுது?” என்ற தேவிப்ரியா, கரண்டை நிறுத்திவிட்டு, புருவ இடுக்கியால் தொப்பியைக் கழற்றிப் புதியதின் மொட்டை ஊசிகளில் மாட்டினார்.

ஸ்விட்சைப் போட்டதும் டிரைவ் ஒருமுறை கனைத்தது. திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. “அப்பாடா!” என்று ரெங்கராஜ் பக்கத்தில் எழுத்துக்குக் காத்துக் கிடந்த கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல, பிளாக் சைஸுன்னு,” என்ற சிவபிரகாஷ், திரையோடு சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

“ஏங்க, எந்திரிங்க,” என்றார் தேவிப்ரியா. “நீங்க ஒக்காந்திருக்கது எளிமையின் சிகரத்து மேல.”

மெஷின் எட்டாவது பட்டத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது உதயசூரியனே போனில் வந்தார். பன்னிரண்டாவதாக ஒன்று விட்டுப்போயிற்றாம்.

“அதுக்கென்னங்கய்யா!” என்றார் ரெங்கராஜ், அன்றைக்கு முதல் டீயை ஊதிக்கொண்டே. “இருபதா வேணாலும் சொல்லுங்க, வெட்டிருவோம்.”