எண்ணூற்றுப் பன்னிரண்டாம் படிவம்

போதைப்பொருள் கண்காணிப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘சல்லடை’. நாடு முழுக்க யார் எதை விழுங்குகிறார்கள், என்ன விலை, கிடைப்பது சுலபமா கஷ்டமா என்று பேட்டியாளர்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களைச் சலித்து, ஆண்டறிக்கைக்கு எண்ணாக மாற்றுவது அவள் வேலை. ஒரு எழுத்துப்பிழைகூட அவளிடம் தப்பாது. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன தம்பி மட்டும் எப்படித் தப்பினான் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

எண்ணூற்றுப் பன்னிரண்டாவது படிவமும் மற்றவை மாதிரிதான். ஆண், வயது இருபத்தாறு. புதிதாகச் சந்தைக்கு வந்திருக்கும் மஞ்சள் மாத்திரை, தினமும் நான்கு. ‘அதை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில், ‘கசப்பு மாமா’.

அவள் அந்தப் பதிலை மறுபடி படித்தாள். காய்ச்சல் மருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது ஐந்து வயதுத் தம்பி. புட்டியைக் கண்டதும் “கசப்பு மாமா வந்துட்டாரு” என்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வான். வேறு எந்த வீட்டிலும் அப்படியொரு மாமா கிடையாது.

பேட்டி எடுத்த பெண்ணுக்குப் போன் போட்டாள்.

“எண்ணூத்திப் பன்னெண்டு, மஞ்ச மாத்திரை. அந்தப் பையனை எங்கம்மா பாத்தே?”

“ஞாபகமில்ல மேடம்.”

“முகமாவது? நெத்தியில தழும்பு இருந்துச்சா?”

“மேடம், பயிற்சியில நீங்கதான சொன்னீங்க? பேரு கேக்காதே, எடத்தை எழுதாதே, முகத்தை மனசுல வச்சுக்காதே, நம்மள நம்பி வாயைத் திறக்கறவங்கன்னு. நான் ஒண்ணையும் வச்சுக்கல. சரியாத்தான செஞ்சிருக்கேன்?”

“சரியாத்தாம்மா செஞ்சிருக்கே.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அந்த விதியை எழுதியவளே அவள். பேட்டி நடந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் நான்கு என்றால் மூன்று மாதத்துக்கு எத்தனை என்று அவள் மூளை யாரும் கேட்காமலே பெருக்கியது. சே, என்ன பிழைப்பு இது என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தைத் திருப்பினாள். கடைசிக் கேள்வி: ‘உதவி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள்?’

சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள் அந்தப் பெண்.

‘கேக்கவே வேணாம். எங்கக்கா எப்படியும் கண்டுபிடிச்சு வந்துருவா.’

அந்தப் பதிலுக்கு எண் இரண்டு: குடும்பத்தினர். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவள் இரண்டு என்று பதிந்தாள்.