நாலு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

ஏழு வயதாகியும் ஆரூரன் படுக்கையை நனைப்பது நிற்கவில்லை. அவன் அப்பா சிவேந்திரன் மலேசியாவில், ஷா ஆலமில் அரசாங்க அதிகாரி. எதற்கும் ஒரு விதி போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"தாகம்னு அழுறான். டாக்டர்கிட்ட காட்டலாம்," என்றாள் மனைவி நிரஞ்சனி.

"எல்லாம் பழக்கம்லா. நீ குடுத்த செல்லம்."

ஒருநாள் வீட்டின் பின்பக்கம் ஏர்கோன் மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டும் வாளியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த மகனைச் சிவேந்திரன் பார்த்தார். ரோத்தான் பிரம்பால் மூன்று அடி. அதன்பிறகு பகலிலும் தண்ணீர் அளவுதான்.

அடுத்த சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் டியூஷன். கொளுத்தும் வெயில். காரிலிருந்து இறங்கும்போது ஆரூரன் தண்ணீர் கேட்டான். முடித்துவிட்டு வா, தருகிறேன் என்றார் அப்பா. அரை மணி நேரத்தில் டீச்சர் போன் செய்தார். பையனுக்கு வலிப்பு.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. பிழைத்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து, மரபணுச் சோதனை முடிவோடு டாக்டர் ஷைமா பெற்றோர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"தண்ணிய வெளிய விடாதன்னு மூளை ஒரு ஹார்மோன் அனுப்பும். கிட்னி செல் மேல இருக்கிற ரிசெப்டர்தான் அதைக் கேட்கும். அந்த ரிசெப்டர் செல்லுக்குள்ள உருவாகிறப்ப, சாப்பரோன்னு துணைப் புரதங்க பிடிச்சு ஒழுங்கா மடிய வச்சு மேல அனுப்பும். இவனோடது கொஞ்சம் கோணலா மடியுது. அதான் செல் அதை உள்ளயே பிடிச்சு வச்சிக்குது, குடிக்கிற தண்ணியெல்லாம் சிறுநீரா போயிடுது. ஆனா கொஞ்சம் தப்பி மேல வருது. இத்தனை வருஷம் தெரியாம போனது அதனாலதான்."

"மேல வந்தா வேலை செய்யுமா?" என்றார் சிவேந்திரன்.

"செய்யும். லேப்ல அப்படிக் கொண்டுவந்து பார்த்திருக்காங்க. ஆனா நான் எழுதிக் குடுக்க இன்னும் மருந்து வரல. இது அம்மா வழியா வரும், அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இப்போதைக்கு உப்பு கம்மி, ரெண்டு மாத்திரை. அப்புறம் தண்ணி. கேட்கிறப்பல்லாம் குடுக்கணும்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு ஏன் குடிக்காம இருந்தான்?"

"கேட்டான் டாக்டர். இவர் குடுக்கல," என்றாள் நிரஞ்சனி.

ஆரூரனோடு காரில் ஏறியதும் அவர் மெல்ல ஆரம்பித்தார். "அம்மா வழியா வரும்னு சொன்னாங்கல்ல."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வியாதி என்கிட்டேர்ந்து வந்துச்சு. அடி?"

அவர் வண்டியை ஒரு கடையோரம் நிறுத்தி, பெரிய பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து பின்சீட்டில் நீட்டினார். ஆரூரன் அதை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

"குடிடா. எவ்வளவு வேணுமோ குடி."

இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடியைத் திருகினான்.

"போதும்ப்பா," என்றான். உதடு வெடித்துக் கிடந்தது.