வலப்பக்கம் கடல்

பதினேழாவது குழியின் இரண்டாவது அடி எஃபியுடையது. பந்து கொடியை நோக்கித்தான் கிளம்பியது. பாதி வழியில் என்ன நினைத்ததோ, வலப்பக்கம் வளைந்து முட்புதருக்குள் போய் விழுந்தது. காலையிலிருந்து இதே கதை. அவள் இடப்பக்கம் தள்ளிக் குறிபார்க்கப் பார்க்க, பந்து இன்னும் மோசமாக வளைந்தது.

கணவனும் மனைவியும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் கோல்ஃப் போட்டி அது. அவள் எங்கே அனுப்பினாலும் அடுத்த அடி டூகல் தலையில்தான்.

"உடம்புல முள்ளு குத்தாத இடம் இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு எஃபி. அதையும் பாத்துட்டியா?"

"இறுதி ஆட்டம்யா இது. பேசாம குத்து வாங்கு."

பத்தொன்பது வருடத்தில் இதுதான் அவர்களுக்கு முதல் இறுதி ஆட்டம். எதிரே டூகலின் அக்கா இஷ்பெல்லும் அவள் கணவன் ஃபெர்கஸும். ஐந்து முறை கோப்பையைத் தூக்கியவர்கள்.

மட்டை பெயர்த்த புல்கட்டியைத் திரும்பப் பதிக்காமல் அந்தத் திடலில் யாரும் நகர மாட்டார்கள். அதற்காகக் குனிந்த எஃபி அப்படியே நின்றுவிட்டாள். தரையில் விழுந்த வடு கொடியைக் காட்டவில்லை. இடப்பக்கம், தேவாலயக் கோபுரத்தைக் காட்டியது.

பந்து கொடியைப் பார்த்துக் கிளம்பியதென்றால், மட்டையின் முகம் கொடியைத்தான் பார்த்திருக்கிறது. முகம் பார்க்கும் பக்கம்தானே பந்து கிளம்பும்? ஆனால் வீச்சு போனது கோபுரத்தை நோக்கி. முகம் ஒரு பக்கம், வீச்சு இன்னொரு பக்கம் என்றால் பந்து பக்கவாட்டில் சுழலும், சுழன்றால் வளையும். இடப்பக்கம் தள்ளி நிற்க நிற்க, அந்த இடைவெளியை அவளே அகலமாக்கியிருக்கிறாள்!

அதுவரை ஒரு குழி கூடுதலாக ஜெயித்திருந்தார்கள்; முட்புதரோடு இந்தக் குழியும் போய் ஆட்டம் சமனானது. மிச்சம் ஒரே குழி, ஒரே அடியில் கொடியை எட்டிவிடும் தூரம்தான். வலப்பக்கம் நெடுகக் கல்சுவர், அதற்கப்பால் கடல். ஃபெர்கஸ் முதலில் அடித்து, பந்தைக் கொடியருகே இருந்த மணற்பள்ளத்தில் விட்டான்.

அடுத்து எஃபி. கால்களையும் தோள்களையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி நின்றாள். மட்டையின் முகத்தை மட்டும் அவ்வளவு திருப்பாமல், சுவருக்கும் கொடிக்கும் நடுவே வைத்தாள்.

"அடியே, கடலைப் பாத்து நிக்கிற!" டூகல் அலறினான்.

"தம்பி, நீச்சல் தெரியும்ல உனக்கு?" இஷ்பெல் சிரித்தாள்.

எஃபி வீசினாள். பந்து கொடியை விட்டு விலகி, சுவர்ப்பக்கமாகக் கிளம்பியது. டூகல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். உச்சியில் பந்து தயங்கி, மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, கொடிக்கு எட்டடி தள்ளி இறங்கி நின்றது.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்," என்றது தொப்பி.

இஷ்பெல் மணலிலிருந்து அழகாக எடுத்துவிட்டாள். ஃபெர்கஸ் அதை மூன்றாவது அடியில் குழிக்குள் தள்ளினான். இப்போது டூகல் உருட்டும் இந்த இரண்டாவது அடி உள்ளே போனால் கோப்பை.

"உள்ள போகுமா எஃபி?"

"போகும். மூஞ்சி மட்டும் குழியப் பாக்கட்டும்."

"என் மூஞ்சியா?"

"மட்டையோடதுடா, மண்டு!"

சிரித்துக்கொண்டே தட்டினான். பந்து விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. டூகல் மட்டையை வீசிவிட்டு ஓடிப்போய், எஃபிக்குப் பக்கத்தில் நின்ற அக்காவைத்தான் முதலில் கட்டிக்கொண்டான்.

"அடச்சீ விடுடா, தோத்தவ நானு!" என்று இஷ்பெல் கத்தியது கடல்வரை கேட்டது.