நேற்று என்ற பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை காலை மீமிசலில் ஐஸ் போதவில்லை. விசைப்படகுகள் இறக்கிய இறாலில் ஆறு பெட்டி கெட்டுப்போனது. எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று விடியலிலேயே கணித்து ஐஸ்காரனிடம் சொல்வது ஜஸ்டினின் வேலை. அதற்காக அவன் போனில் பார்த்த அறிக்கைத் திரை, அவன் மனைவி பிளெஸ்ஸி செய்து கொடுத்தது. அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை.

மீன் கம்பெனி முதலாளி இன்னாசி இருவரையும் எதிரே நிறுத்திவைத்துத் திட்டினார்.

"புருசனும் பொஞ்சாதியும் சேந்து என் இறாலக் கெடுத்துட்டீங்க. அடுத்து விசைப்படகு வர்றது செவ்வாக்கெழம, அன்னிக்கு மறுபடி இப்படி ஆச்சுன்னா பழையபடி நோட்டுதான். இந்தத் திரை வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் பிளெஸ்ஸி போனை நீட்டினாள். "காலைல என்ன பண்ணீங்களோ அத அப்படியே பண்ணிக் காட்டுங்க."

திரையின் தலையில் பதினான்கு ஃபில்டர் பொத்தான்கள் இருந்தன. நாள், இறங்குதுறை, ரகம், எடை, வியாபாரி, வண்டி என்று கேட்டவர்கள் கேட்டதையெல்லாம் அவள் சேர்த்திருந்தாள். ஜஸ்டின் எதையும் படிக்காமல் முதலில் இருந்த 'நேற்று' பொத்தானைத் தொட்டான்.

"நேத்து வந்தது நாட்டுப்படகுங்க. கொஞ்சமாத்தான் இருக்கும். அதப் பாத்தா ஐஸ் சொன்னீங்க?"

"கல்யாணப் பத்திரிகைல சொந்தக்காரங்க பேரு மாதிரி இத்தன போட்டு வச்சிருக்க. ஐஸ்காரன் லைன்ல நிக்கிறான். மேல இருந்தத அமுக்குனேன்."

"நோட்டு இருந்தப்ப?"

"ரெண்டு பக்கம் பின்னால பொரட்டுவேன். விசைப்படகு கடைசியா வந்த நாளப் பாப்பேன். அதுதான் தெனமும் வராதே."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"நான் கீரமங்கலத்துக்காரி. எங்க ஊருல பூ தெனமும் பூக்கும்."

ஜஸ்டின் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை, லேப்டாப்பைத் திறந்தாள்.

'நேற்று' போனது. விசைப்படகு, நாட்டுப்படகு என்று இரண்டே பொத்தான்கள் நின்றன. எதைத் தொட்டாலும் அந்தப் படகுகள் கடைசியாக வந்த நாளும் அன்றைய வரத்தும் பெரிய எழுத்தில் வரும். மற்றவை 'மேலும்' என்பதற்குள் போயின.

செவ்வாய் விடியலில் ஜஸ்டின் 'விசைப்படகு' என்பதை ஒருமுறை தொட்டான். ஞாயிற்றுக்கிழமை வரத்து வந்தது. ஐஸ் சொன்னான். எட்டு மணிக்குப் பெட்டிகள் எல்லாம் நிறைந்தன. மூன்று ஐஸ் கட்டிகள் மிஞ்சின.

இன்னாசி புது நோட்டோடு வந்திருந்தார். இறாலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஜஸ்டினின் போனை வாங்கினார்.

"மிச்சப் பொத்தானெல்லாம் எங்கிட்டுப் போச்சு? ரெண்டுதான் இருக்கு?"

"உள்ள இருக்கு மொதலாளி. தேடுனா கெடைக்கும்."

அவர் தேடவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து நின்ற எடை மெஷினின் காலுக்கடியில் அந்த நோட்டைச் செருகிவிட்டு, லாரியைப் பார்க்கப் போனார்.