பிரசங்கப் பாறையின் ஆழம்

எங்கள் கடற்கரையில் காலை வேளையில் யாரும் நீந்த மாட்டார்கள். அது மரியாதை இல்லை. தலையில் தொப்பியோடு கழுத்தளவு நீரில் இறங்கி, அவரவர் இடத்தில் நின்று, ஊர் விஷயம் பேசிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கரையேறுவதுதான் கடல் குளியல். இடம் என்றால் பரம்பரை இடம். பார்படாஸில் கடற்கரை எல்லாருக்கும் பொது என்பது சட்டம். சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஹோட்டல் மதில் முடியும் மூலைக்கு நேராக உள்ள நீர் இன்னிஸ் குடும்பத்தினுடையது, அதற்குச் சற்றுத் தெற்கே உள்ளது கிட்டன்ஸ் குடும்பத்தினுடையது என்பது ஊரறிந்த விஷயம்.

இரண்டு குடும்பங்களுக்கும் தகராறு நீரைப் பற்றியது அல்ல. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு பாறை எழுந்து நிற்கும். பார்க்கப் பிரசங்க மேடை போல இருப்பதால் பிரசங்கப் பாறை என்போம். என் தாத்தா காலத்துப் புயல் ஒன்றில் ஒரு மீன்படகு அதில் மோதி உடைந்தது. என் தாத்தா எபனேசர் இன்னிஸ் கொந்தளிக்கும் கடலில் நீந்திப் போய் மூன்று பேரைக் கரை சேர்த்தார். தேவாலயச் சுவரில் சலவைக்கல்லில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தக் கல்லை நான் துடைக்கிறேன். அந்தப் புயலுக்குப் பிறகு பல வாரம் தாத்தாவின் தோளும் முதுகும் கொப்புளமாக இருந்ததாம். கடல் உப்பு அவ்வளவு எரித்துவிட்டது என்று என் தந்தை சொல்வார்.

காப்பாற்றப்பட்ட மூவரில் ஒருவர் ஜோசையா கிட்டன்ஸ். அவருடைய பேரன் லிஸ்டன் கிட்டன்ஸ் சொல்வது வேறு கதை. ஜோசையா தானாகவே நீந்தி வந்துகொண்டிருந்தாராம். வழியில் தத்தளித்துக்கொண்டிருந்த என் தாத்தாவை அவர்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாராம். கல் வெட்டியவன் இன்னிஸ் வீட்டு மருமகன் என்பதால் கதை தலைகீழாகிவிட்டதாம்.

"உங்க தாத்தாவுக்கு அவ்வளவு நீச்சல் தெரியும்னா, அது எங்க போச்சு? உங்கப்பாவுக்கும் வரல, உனக்கும் வரல," என்று லிஸ்டன் தன் இடத்திலிருந்து கேட்பான்.

"உங்க வம்சத்துக்கு மட்டும் செவுள் முளைச்சிருக்கோ? நீ கழுத்துக்கு மேல நனைஞ்சு நான் பார்த்ததே இல்லையே."

"தொப்பி நனைஞ்சிடுமேன்னு பார்க்கிறேன்."

வாலிபத்தில் தொடங்கிய பேச்சு இது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டாரும் ஒருமனம்: பாறையடியில் ஆழத்துக்கு அளவே இல்லை. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஓரடி வைத்தால் தரை நழுவிவிடும். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்த வருஷம் என் தங்கை அயாந்தியின் மகள் கொரீன், டொரொண்டோவிலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் டங்கன். கட்டினால் இவனைத்தான் கட்டுவாளாம். அவள் தகப்பனார் காலமாகிவிட்டார். அவளைத் தேவாலயத்தில் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். என் சம்மதம் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று கொரீனே சொல்லியிருந்தாள். அதனால் அவனைக் கவனித்து வந்தேன். அரைக்கால் சட்டையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தான். வந்த அன்றே என்னை "டார்ன்லி" என்று கூப்பிட்டான். மிஸ்டர் இன்னிஸ் என்று திருத்தினேன். கல்யாணத்துக்கு என் மனம் இடங்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் குளியலுக்கு அவனும் வந்தான். கையில் கண்ணாடி முகமூடிகள், மூச்சுக்குழாய்கள், தவளைக்கால் போன்ற துடுப்புகள். ஒரு முகமூடியை என்னிடம் நீட்டினான்.

"மிஸ்டர் இன்னிஸ், உங்க தாத்தாவைப் பத்திச் சுவர்ல படிச்சேன். உடம்பே சிலிர்த்துப் போச்சு. அந்தப் பாறைக்கு நீங்களே எங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் நீருக்குள்ளிருந்து லிஸ்டனின் குரல் வந்தது.

"கூட்டிட்டுப் போயேன் டார்ன்லி! மாப்பிள்ளை ஆசையா கேக்குறாரு. உங்க ரத்தத்துலதான் நீச்சல் ஓடுதே!"

"லிஸ்டன், வாயில கொஞ்சம் கடல் தண்ணியை ஊத்திக்கோ," என்றாள் அயாந்தி. "அண்ணா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? வயசாச்சுன்னு சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். சொன்னால், இன்னிஸ் வீட்டு நீச்சல் இப்படித்தான் முடியும் என்று லிஸ்டன் சாகும் வரை சொல்லிக்கொண்டிருப்பான். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"வா, போகலாம்," என்றேன்.

டங்கன் வடக்குக் கோடியைக் காட்டினான். "அங்கதான் இறங்கறதுக்குச் சுலபமாம். சரிவா கல் போகுதாம்."

அங்கே மஞ்சினீல் மரம் நிற்கிறது. அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள். அதன் பால் பட்டாலும், மழையில் அதன் அடியில் நின்றாலும் தோல் வெந்துவிடும். எங்கள் ஊரில் விவரம் தெரிந்த யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. மீன் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள்தான் மரத்தைத் தொடாமல் சுற்றிப் போய் இறங்குகிறார்கள். நாங்களும் சுற்றிப் போனோம். லிஸ்டன் தன் இடத்தை விட்டுக் கரையேறி, ஈரம் சொட்டச் சொட்டப் பின்னால் வந்தான்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"சாட்சி வேணும்ல?"

கொரீனும் டங்கனும் முகத்தை நீருக்குள்ளும் பின்புறத்தை வானத்துக்குமாக வைத்துக்கொண்டு மிதந்து போனார்கள். ஏதோ ஆமையைக் கண்டு அதன் பின்னால் திரும்பிவிட்டார்கள். நான் முகமூடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். இன்னிஸ் ஒருவரின் முகம் நீரில் படுவது ஞானஸ்நானத்தன்று மட்டும்தான். கழுத்தளவு வரும்வரை போவது, கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லித் திரும்புவது என்பது என் திட்டம்.

இடுப்பளவு வந்தது. மார்பளவு வந்தது. கழுத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. காலடியில் அகலமான கல் தளம் நீண்டுகொண்டே போனது. நீர் மார்பிலிருந்து மறுபடி இடுப்புக்கு இறங்கியது. நான் கையை நீட்டியபோது பிரசங்கப் பாறை கையில் தட்டியது.

பின்னால் சளக் சளக்கென்று சத்தம். லிஸ்டனும் இடுப்பளவு நீரில், தொப்பி கலையாமல் நின்றான்.

நான் மஞ்சினீல் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். புயல் மழை, அந்த மரம், தாத்தாவின் முதுகுக் கொப்புளம். உப்பு எரிக்கவில்லை. அந்த மரத்தடி வழியாகத்தான் அவர் இறங்கியிருக்கிறார். இறங்கி, நடந்திருக்கிறார். புயலில் நடப்பதும் சின்ன விஷயமல்ல என்று நான் யாரிடமும் வாதாடுவேன். ஆனால் சலவைக்கல்லில் 'நடந்து' என்று வெட்டவில்லை.

லிஸ்டனின் முகத்தைப் பார்த்தேன். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, காப்பாற்றுங்கள் என்று அலறிய ஜோசையா கிட்டன்ஸ் அந்த முகத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்துகொண்டிருந்தார்.

"டார்ன்லி."

"சொல்லு."

"மணல் வந்து மூடியிருக்கும். அந்தக் காலத்துல இப்படி இருந்திருக்காது."

"கால்ல படுறது பாறை, லிஸ்டன்."

"பாறைன்னா? பவளப் பாறை வளரும்யா!"

"வளரும்," என்றேன். ஒரு கிட்டன்ஸ் சொன்னதை நான் ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

கரையில் அயாந்தி தொப்பியை ஆட்டினாள். கடலுக்கு அவள் மூக்குக்கண்ணாடி போட்டு வருவதில்லை. இரண்டு தொப்பிகள் தெரிந்தாலே அதிகம். ஆனால் ஆமையை விட்டுவிட்டு ஒரு மூச்சுக்குழாய் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"மாப்பிள்ளை வர்றான்," என்றான் லிஸ்டன். "முட்டியை மடக்கு!"

"என்ன?"

"மடக்குய்யா!"

இருவரும் மண்டியிட்டோம். நீர் சரியாகக் கழுத்துக்கு வந்தது. நீந்துகிறவர்கள் கையை ஆட்டுவார்களே, அப்படி ஆட்டினோம். லிஸ்டன் சோளமாவு கிண்டுகிறவன் மாதிரி வலது கையை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தான்.

டங்கன் முகத்தைக் கவிழ்த்தபடியே நேராக வந்து எங்கள் முன்னால் நின்றான். முகத்தைத் தூக்கவில்லை. குழாய் கெட்டில் போல மூச்சு விட்டது. ஆழத்தைப் பார்த்துப் பயல் மிரண்டுவிட்டான் என்று எனக்கு உள்ளூரத் திருப்தி. அவன் தலை என் பக்கம் இருந்தது. லிஸ்டன் பக்கம் போனது. மறுபடி என் பக்கம் வந்து நெடுநேரம் நின்றது. அந்த முகமூடியில் கண்ணாடி எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லிஸ்டனின் கையும் சுழல்வதை நிறுத்தியது.

டங்கன் தலையைத் தூக்கி, வாயிலிருந்து குழாயை எடுத்தான். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. நான் தலைகுனியவில்லை. மண்டியிட்ட நிலையில் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்திருந்தேன்.

தூரத்திலிருந்து கொரீன் கத்தினாள். "டங்கன்! அங்க எப்படி இருக்கு? ஆழமா?"

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கத்தினான்.

"பயங்கர ஆழம்! நீ இங்க வராத. கால்ல குத்துற கடல் முள்ளெலி வேற நிறைய இருக்கு. அப்படியே கரைக்குப் போ!"

அவள் திரும்பியதும் குரலைத் தணித்தான். "மிஸ்டர் இன்னிஸ், ரொம்ப நேரமா நீந்துறீங்க. முட்டி வலிக்கப் போகுது. போகலாமா?"

"போகலாம்," என்றேன்.

மார்பளவு நீர் வரும்வரை முழங்காலிலேயே போனோம். அவன் எங்களுக்கும் கரைக்கும் நடுவே, எங்கள் வேகத்துக்கு மெதுவாக நீந்தி வந்தான். கால்துடுப்பை அடித்து நிறைய நுரை கிளப்பினான். தேவைக்கு அதிகமாகவே கிளப்பினான் என்று நினைக்கிறேன்.

கரையில் அயாந்தி உப்புமீன் உருண்டைகளையும் ரொட்டியையும் எடுத்து வைத்திருந்தாள். எங்கள் கால்களைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தாள்.

"ஐயையோ, முட்டியெல்லாம் ரத்தம்! லிஸ்டன், உனக்கும் அதே இடத்துலயா?"

லிஸ்டன் முட்டியைக் கையால் மறைத்தான்.

"அலை தூக்கிப் பாறையில அடிச்சிடுச்சு," என்றான் டங்கன். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க. இல்லன்னா கஷ்டம்."

இரண்டு குடும்பக் கதைகளுக்கும் இடமிருக்கிற மாதிரி அவன் அதைச் சொன்னது என் கவனத்தில் பட்டது. லிஸ்டன் எங்கள் துண்டின் மேல் உட்கார்ந்தான். எந்தக் கிட்டன்ஸும் அதில் உட்கார்ந்ததில்லை. நான் சற்று நகர்ந்து இடம் விட்டேன். அயாந்தி அவனிடம் ஒரு மீன் உருண்டையைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, உண்மையிலேயே அங்க அவ்வளவு ஆழமா?"

"டங்கனைக் கேள். உள்ளே பார்த்தவன் அவன்தான்."

"மிஸ்டர் இன்னிஸ் அங்க..." என்று அவன் ஆரம்பித்தான்.

"மாமான்னு கூப்பிடு," என்றேன்.

கொரீன் தலை துவட்டுவதை நிறுத்தினாள். டங்கன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

"மாமா நின்ன இடத்தை நான் நல்லாப் பார்த்தேன், அத்தை. எனக்கே நடுங்கிடுச்சு."

லிஸ்டன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். அதன் விளிம்பு நனைந்து நான் பார்த்தது அன்றுதான்.

"கல்யாணம் எப்போ வச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

"அடுத்த மாசம்," என்றேன். கொரீன் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்களாம். நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவனை அவ்வளவு நாள் குடும்பத்துக்கு வெளியே விட்டுவைக்கக் கூடாது.