முழுகாத கால்விரல்

பட்டாசுக்குக் காலையிலிருந்தே கோபம். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் சூடாகவில்லை என்று சபையின் கிளைத் தலைவர் போனில் சொன்னபோது தொடங்கியது. வார நாட்களில் பஸ் ஓட்டுகிறவர் அவர். வண்டி தாமதம் என்று அறிவிக்கும் அதே குரலில், ஒரு நிமிஷ வேலைதானே சிஸ்டர், பரவாயில்லை என்றார். முங்கப்போவது அவரா என்ன?

பட்டாசு என்று பேர் வைத்தது இஸ்திரிக்கார அக்காதான். மார்மன் சபை ஊழியத்துக்கென்று கடல் கடந்து வந்து, கறுப்புப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு கதவு கதவாகத் தட்டி, முகத்திலடித்தாற்போல் சாத்தக் கண்டவளுக்குச் சலவைக்கடையின் பின்கதவு மட்டும் திறந்தது. புருஷன் செத்து வாயடைத்துப் போயிருந்த அக்கா, சும்மா உட்காரக் கூடாது என்று படுக்கைவிரிப்பின் முனையைக் கையில் கொடுத்தாள். மடித்துக்கொண்டே பேசினார்கள், மடித்து முடித்து ஜெபித்தார்கள். செத்தவரை மறுபடி பார்க்கலாம் என்ற பேச்சு அக்காவைப் பிடித்துக்கொண்டது. ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று அவளே சொன்னாள். ஆனால் தண்ணீர் என்றால் உயிர் போகும். சின்ன வயதில் ஒருமுறை முங்கிப் பிழைத்தவள், இன்றைக்கும் சொம்பில் மொண்டுதான் குளிப்பாள்.

"ஒரே ஒரு தடவைதான்க்கா. நான் பக்கத்துல நிப்பேன்" என்று பட்டாசு சத்தியம் செய்திருந்தாள்.

"அப்ப நீயே முக்கிடேன். நீதானே சொல்லிக் குடுத்த."

பெண்கள் செய்வதில்லை என்று பட்டாசு விளக்கினாள். சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. ஆண் ஊழியரான எல்டர்தான் செய்வார். எல்டர் என்றால் மூத்தவர் என்று தெரிந்துகொண்ட அக்கா, அந்தப் பிள்ளைக்கு மீசையே இன்னும் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறதே என்று சிரித்தாள்.

இப்போது அந்த மீசை வராத மூத்தவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். வெள்ளை அங்கியில் அக்கா படியிறங்கும்போதே பற்கள் தந்தியடித்தன. தொட்டியின் இரு பக்கமும் இரு சாட்சிகள், பட்டாசும் அவளுடைய ஜோடியும். ஊழியத்தில் தனியாக ஓரடி நகர முடியாது. அறையிலும் சந்தையிலும் ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி மறையக் கூடாது. பட்டாசுக்கு வாய்த்த ஜோடிக்கு விதிகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். மனசுக்குள் பட்டாசு அவளைச் சட்டம் என்றே கூப்பிட்டாள்.

எல்டர் கையை உயர்த்தி வார்த்தைகளைச் சொல்லி அக்காவைச் சாய்த்தார். உடம்பு மூழ்கியது. வலது கால் துள்ளி, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"கால் முழுகல" என்றாள் சட்டம். முழு உடம்பும் முழுக வேண்டும், இல்லையென்றால் மறுபடியும். பட்டாசும் பார்த்துத்தான் இருந்தாள். அவளால் மறுக்க முடியவில்லை.

இரண்டாம் தடவை எழுந்தபோது அக்கா மூக்கிலும் வாயிலும் தண்ணீராக இருமினாள். கண்கள் பட்டாசைத் தேடின. "மறுபடியும் விரல்" என்றாள் சட்டம்.

"என் கண்ணுல விரல் படல. முழுகிடுச்சு" என்றாள் பட்டாசு.

பெயர்ப்பட்டையைக் குத்திய நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது. எச்சில் விழுங்குவதுபோல் அவ்வளவு சுலபமாக வந்தது. கிளைத் தலைவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சந்தேகம் எதற்கு, இன்னொரு தடவை செய்துவிடலாம் என்றார்.

பட்டாசுக்கு எல்லார் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் அளவு இடைவெளியில் ஒருத்தியைத் தவறவிடுகிற கடவுள் மேலும்தான். காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாவாடையோடு தொட்டியில் இறங்கினாள். எல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வார்த்தை உங்க வேலை எல்டர். கால் என் வேலை."

மூன்றாம் தடவை அக்காவின் பாதங்களைத் தண்ணீருக்கடியில் இரு கைகளாலும் பிடித்தாள். அவை உதைத்தன, பிடிபட்ட மீன் மாதிரித் துடித்தன. பட்டாசு விடவில்லை. இன்னும் அழுத்தினாள். இது கடைசியாக இருக்கட்டும் என்றுதான் அழுத்தினாள். ஆனால் அழுத்திய கைகளில் இருந்தது இரக்கமில்லை. காலையிலிருந்து சேர்த்த கோபம் முழுவதும் அந்தப் பாதங்களின் மேல் இறங்கியது.

சரி என்று சட்டம் தலையசைத்தாள். பாட்டு தொடங்கியது.

உடை மாற்றும் அறையில் அக்கா சுவரைப் பார்த்துத் தலை துவட்டினாள்.

"காலப் புடிச்சது நீயா?"

"ஆமாக்கா."

"உதைச்சேன்ல. விட்டிருக்கணும்டி."

பட்டாசின் ஈரப் பாவாடை தரையில் சொட்டியது. கதவு தட்டப்பட்டது. குரூப் படம் எடுக்கணும், மிஷன் தலைவருக்கு அனுப்பணும் என்றார் எல்டர்.

"நான் வரல. நீ போய்ச் சிரி" என்றாள் அக்கா.

பட்டாசு கதவைக் கையகலம் திறந்தாள். எல்டருக்குப் பின்னால் சட்டம் நின்றாள்.

"படம் கெடையாது."

"மிஷன் தலைவர் கேப்பாரே சிஸ்டர்" என்றார் எல்டர்.

"கேட்டா, அந்தம்மா உதைக்க உதைக்க நான் அமுக்கிப் புடிச்சேன்னு சொல்லுங்க. அதை எழுதிக்கட்டும்."

கதவைச் சாத்தினாள். ஜோடியைக் கண்ணுக்கு எட்டாமல் வெளியே நிறுத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். அக்கா அப்போதும் திரும்பவில்லை.