பெல்ட் மாற்ற வேண்டாத லேத்

இரும்பு கடையும் லேத்துக்கு, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டி வாங்கலாம் என்று முடிவெடுத்தது அவள்தான். அவள் புருஷனுக்கு அதில் இஷ்டமே இல்லை.

"இத்தனை வருஷமா பெல்ட்டை மாத்தித்தானே ஓட்டறேன். இப்ப என்ன புதுசா?"

"குனிஞ்சு குனிஞ்சு மாத்தணுமாங்க? குமிழைத் திருகினா வேகம் கூடும், குறையும். ராஜா மாதிரி நின்னுகிட்டே ஓட்டலாம்."

"ராஜா எதுக்கு லேத் ஓட்டறான்?"

குனிவது காரணமே இல்லை. கொஞ்ச காலமாக அவருக்கு நினைவு பிசகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டு எடுத்து வைப்பார். தங்கச்சி பேரைச் சொல்லி மகளைக் கூப்பிடுவார். அதையெல்லாம் அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் ஒருநாள், சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டை நகர்த்தக் கையை நீட்டினார். அவள் போட்ட அலறலில் கையை இழுத்துக்கொண்டு, "எதுக்குடி இப்படிக் கத்தறே, வேலை கெடுது" என்று அவளையே ஏசினார்.

வேலையை நிறுத்தினால் ஆள் ஒடுங்கிப்போவார் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நிறுத்தாமல் இருக்க ஒரு வழி வேண்டும். பெல்ட்தான் எமன் என்று அவள் நினைத்தாள். பெல்ட்டில் கை வைக்கும் வேலையே இல்லாமல் செய்துவிட்டால் போதும்.

டிரைவ் மாட்ட வந்தவனுக்கு டெஸ்டர் என்று பட்டப்பெயர். கல்யாணத்தன்றுகூடச் சட்டைப்பையில் டெஸ்டரோடு மேடையேறியவன். வந்ததும் மோட்டார் தகட்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான்.

"எச்.பி.யை மட்டும் பாத்து வாங்கக் கூடாதுக்கா. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு பாக்கணும். வீட்டு லைன் சிங்கிள் ஃபேஸ், மோட்டார் த்ரீ ஃபேஸ். அதுக்கு ஏத்ததா, ஒரு அளவு பெரிசாவே போட்டுடறேன்."

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் இருக்கக் கூடாது என்று பழைய சுவிட்சைக் கழற்றினான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லேத் தானாக ஓடாது, பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும் என்று வைத்தான்.

"நிக்கறது மெதுவாத்தான் நிக்கும்ணே. சட்டுனு பிடிச்சா சக்கு மரை கழண்டு பறந்துரும்."

"எனக்கே சொல்றியா?" என்றார் அவர். அன்றைக்கு நல்ல தெளிவில் இருந்தார்.

இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் அந்தச் சக்கின் மேல் ஒரு மூடியும் வைத்தான். மூடி திறந்திருந்தால் லேத் ஓடாது. மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருந்தது. அது லேத்தில் பதித்திருந்த சின்னச் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்தால்தான் டிரைவுக்குச் சம்மதம்.

கிளம்பும்போது அவளிடம் குரலைத் தாழ்த்தினான். "டிரைவோட மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்கா. மெயினை அணைச்ச பின்னாலயும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். ஆளையே தூக்கிரும்."

அந்த வாரம் முழுக்க வீடு பழையபடி ஆனது. சமையலறைக் கதவுக்கு அந்தப்பக்கம்தான் பட்டறை. லேத் ஓடும் சத்தத்தோடு அவர் தொண்டையைச் செருமுவதும் கேட்கும். அவள் காய் நறுக்கிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டிவிடலாம்.

பிறகு ஒரு காலை, அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். காதோரம் ஏதோ விர்ரென்று போனது. பின்னால் தகர அலமாரி படாரென்று அதிர்ந்தது. சொம்பு கையைவிட்டு விழுந்து உருண்டது.

அலமாரிக் கதவில் குழி விழுந்திருந்தது. கீழே, சக்கை முடுக்குகிற சக்குச் சாவி. சக்கிலிருந்து அதை எடுக்காமலேயே பச்சையை அமுக்கியிருக்கிறார்.

சக்கின் மூடி மேலே தூக்கியிருந்தது. திறந்த மூடியோடு எப்படி ஓடியது? கிட்டே போய்ப் பார்த்தாள். அளவுக்கருவியின் தாங்கியிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, சுவிட்சின் மேல் கச்சிதமாக ஒட்டவைத்திருந்தார்.

"அது தொந்தரவா இருந்துச்சு," என்றார். "இப்ப சுலபம்." அவர் முகத்தில் அத்தனை திருப்தி. பொருள் முடித்துக் கொடுக்கும்போது வருகிற அதே திருப்தி.

டெஸ்டர் வந்து காந்தத்தைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணனுக்குத் தலை மறக்குது, கை மறக்கலைக்கா," என்றான். "நான் எதை வச்சாலும் அந்தக் கை அதைத் தாண்டிரும்."

"என்ன செய்யறது தம்பி?"

"டிரைவுல பூட்டு போட்டுடறேன். பச்சையை அமுக்கினா ஓடாது. கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க."

அவள் யோசித்தாள். கெட்டுப்போச்சு என்றால் அவர் சும்மா இருப்பாரா? கெட்டுப்போன எதையும் இன்னொருத்தர் தொட விட்டவரில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு டிரைவின் மூடியைத்தான் முதலில் திறப்பார்.

"வேண்டாம். மெயினையே வெட்டிரு. மோட்டாரையும் கழட்டி எடுத்துட்டுப் போயிரு."

"கரண்ட் இல்லைன்னு சொல்லப்போறீங்களா?"

"சொன்னா மீட்டர் பெட்டியில ஏறுவாரு. எந்தப் பொய் சொன்னாலும் ரிப்பேர் பண்ணக் கிளம்பிடுவாரு. உள்ளதைத்தான் சொல்லணும்."

மெயினை வெட்டி, லேத்திலிருந்து டிரைவையும் மோட்டாரையும் கழற்றி அவன் எடுத்துப்போனான். மோட்டார் இருந்த இடத்தில் போல்ட் துளைகள் மட்டும் மிஞ்சின. தூக்கிச் செல்கையில் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரை முக்காலியில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் ஊறிக் கறுத்த, இரும்பாலேயே ஆனது போன்ற கை.

"உங்களுக்கு மறதி வந்திருக்குங்க. சாவியை எடுக்க மறந்துட்டீங்க. இனிமே லேத் ஓட்ட முடியாது. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் காலி இடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உன் மேல பட்டுச்சா?"

"இல்லை."

"பட்டிருந்தா?"

அவள் பிடியை இறுக்கினாள். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. உதடு மட்டும் கோணியது, சத்தமே வரவில்லை.

சொல்லி முடித்துவிட்டோம், பட வேண்டியதைப் பட்டாயிற்று என்று அன்று அவள் படுத்தாள்.

மறுநாள் காலை அவர் முகம் கழுவி, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனார். "ஏய், மோட்டாரை எவன் கழட்டினான்?" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், முக்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரவைத்தாள். முதல் வார்த்தையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அப்போதுதான் கேட்கிறவராய்க் கேட்டார். உதடு அப்படியே கோணியது.

அதற்கடுத்த நாளும் சொன்னாள். "நேத்தே சொன்னேனே" என்று ஒருதரம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவர் அரண்டுபோய்ப் பார்த்த பார்வையில், அந்தச் சொல்லை அதன்பிறகு அவள் எடுக்கவே இல்லை.

"எப்பலேர்ந்து நான் ஓட்டக் கூடாது?" என்று அவர் கேட்பார்.

"இன்னைலேர்ந்துதாங்க," என்பாள், ஒவ்வொரு நாளும்.